கம்பி கட்டுகிற கதை



அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர், “ஒரு மணி நேரம் கம்பி கட்டுகிற கதை விடப்போகிறீர்களா?” என்று கேட்டார். ஆமாம், நிஜமாகவே கம்பி கட்டுகிற கதைதான். மேசையில் இருப்பவற்றைப் பாருங்கள். வீட்டு வயரிங்குக்கு வாங்குகிற ஒன்றரை சதுர மில்லிமீட்டர் ஒயர் ஒரு சுருள். தண்ணீர்க் குழாய் போட்டபோது மிஞ்சிய பிவிசி துண்டுகள். தச்சர் வைத்திருக்கிற ஸ்டீல் டேப் ஒன்று, நைலான் கயிறு, கறுப்பு கேபிள். இதில் எந்த ஒன்றுக்காகவும் நீங்கள் ஊர் தாண்டிப் போக வேண்டியதில்லை. ஆனால் இவற்றை அளந்து வெட்டிச் சரியாகக் கட்டினால் ஜப்பான்காரரோடு பேசலாம். தலைக்கு மேல் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற விண்வெளி நிலையத்திலிருந்து வரும் குரலையும் கேட்கலாம்.

ஹாம் ரேடியோ பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அரசாங்கத் தேர்வு எழுதி உரிமம் வாங்கிய தனிமனிதர்கள், தங்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசைகளில், காசு வாங்காமல், வியாபாரம் பேசாமல், ஒருவரோடு ஒருவர் பேசுவதும் பரிசோதனைகள் செய்வதுமே ஹாம் ரேடியோ. சென்னைக்கு இதில் பழைய பாத்தியதை உண்டு. 1924-இல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், 40 வாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு பாட்டும் பேச்சும் ஒலிபரப்பியது. ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருடம் முந்தைய கதை இது. பணம் போதாமல் 1927-இல் மூடிவிட்டார்கள். ஆர்வக்கோளாறு பிடித்த நாலு பேர் தொடங்கிவைத்த வேலை பிற்பாடு ஒரு துறையாக வளர்ந்தது.

ஒரு ஹாம் நிலையத்தில் ரேடியோ, கேபிள், ஆன்டெனா என்று மூன்று பங்கு. ரேடியோவை இன்று சொந்தமாகச் செய்கிறவர்கள் குறைவு. ஐதராபாத்தைச் சேர்ந்த அஷார் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் செட்டைப் பல நாடுகளில் வீட்டில் உட்கார்ந்து கட்டுகிறார்கள் என்பது நமக்குப் பெருமைதான். இருந்தாலும் பெரும்பாலோர் பெட்டியாகத்தான் வாங்குகிறோம். பெட்டிக்குள் இருக்கிற சில்லுகளோடு கைவேலை போட்டி போட முடியாது. ஆன்டெனா விஷயம் அப்படியல்ல. அங்கே இன்றைக்கும் கைதான் மேல். கடையில் பெரிய விலை கொடுத்து வாங்குகிற குட்டையான ஆன்டெனாவைவிட நீங்கள் அளந்து கட்டிய முழுநீளக் கம்பி நன்றாகவே வேலை செய்யும். இதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கைக்காசை வாட்டில் போடாதீர்கள், கம்பியிலும் அது நிற்கிற உயரத்திலும் போடுங்கள்.

கணக்கோடு சொல்கிறேன். 100 வாட் செட்டு வைத்திருப்பவர் ஆசைப்பட்டு ஒரு ஆம்ப்ளிஃபயர் வாங்கி 400 வாட்டுக்குப் போகிறார். நாலு மடங்கு. எதிர்முனையில் இருப்பவரின் ரேடியோவில் அலையின் வலுவைக் காட்டும் எஸ்-மீட்டரில் முள் எத்தனை எண் ஏறும்? ஒரே ஒரு எண். அதுவும் இவர் பேசும்போது மட்டும்தான். அவர் பதில் சொல்லும்போது இவருடைய ஆம்ப்ளிஃபயரால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஆன்டெனா நல்லதாக இருந்தால் வாயும் காதும் ஒன்றாகத் திறக்கும். அலையை அனுப்புவதில் எது கெட்டியோ அதுவே வாங்குவதிலும் கெட்டி. இது இயற்கை கொடுத்த சலுகை.

இந்தத் துறையின் மூதாதையர்கள் எல்லோருமே வீட்டுக் கைவேலைக்காரர்கள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். 1880-களின் பிற்பகுதியில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் மின்காந்த அலை இருப்பதை நிரூபித்தபோது அவர் கையில் இருந்தது நடுவில் இடைவெளி விட்ட இரண்டு கம்பிகள். இன்று நாம் டைபோல் என்று கட்டுவது அதே சாமான்தான். கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1895-இல் சுவர் தாண்டி அலையை அனுப்பி மணி அடிக்கவைத்தார். மில்லிமீட்டர் கணக்கில் அலைநீளம் கொண்ட அலைகளோடு அவர் செய்த சோதனைகளுக்குப் புனல் போன்ற ஆன்டெனாக்களையும் அவரே செய்துகொண்டார். மார்க்கோனி 1901 டிசம்பர் 12-ஆம் தேதி நியூஃபவுண்ட்லாந்தின் குன்று ஒன்றின் மேல் அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து வரும் ‘எஸ்’ எழுத்துக்காகக் காத்திருந்தபோது, அவருடைய ஆன்டெனா காற்றில் ஆடுகிற ஒரு பட்டத்தின் வாலில் கட்டிய நீளக் கம்பி. அவர் கேட்டது நிஜம்தானா என்று இன்றும் சண்டை போடுகிறவர்கள் உண்டு. பட்டம் விட்டதில் சண்டை இல்லை.

சரி, கம்பிக்கு வருவோம். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னப் பிள்ளைகூட அதை உயர உயரப் போகவைத்துவிடும். நேரம் தப்பினால் பெரிய ஆள் தள்ளினாலும் வீண். கம்பிக்குள் ஓடுகிற மின்னோட்டத்துக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் உண்டு. அந்தத் தாளத்தை நிர்ணயிப்பது கம்பியின் நீளம். அலைநீளத்தில் பாதி நீளமுள்ள கம்பியை நடுவில் வெட்டி அங்கே அலையை ஊட்டினால் அது விரும்பி ஏற்றுக்கொள்ளும். 300-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். நம் ஊர் ஹாம்கள் தினமும் கூடுகிற 40 மீட்டர் பேண்டில் 7.1 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலைநீளம் 42 மீட்டர் சொச்சம், பாதி 21. கம்பியின் முனைகளில் மின்னோட்டம் நடந்துகொள்ளும் விதத்தால் உண்மையில் இதைவிட ஐந்து சதவீதம் குட்டையாக வேண்டும். அதனால் கைக்கணக்காக 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்கச் சொல்வார்கள். 20 மீட்டர் வரும். கைக்கு, அதாவது ஒரு பாதிக்கு, பத்து மீட்டர்.

பத்து மீட்டர் என்று சொன்னேன் என்பதற்காகப் பத்தே மீட்டரில் வெட்டிவிடாதீர்கள். பத்தரையில் வெட்டுங்கள். வெட்டிய கம்பி வளராது. கடையில் கிடைக்கும் ஹவுஸ் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறது. அது இரண்டு மூன்று சதவீதம் கணக்கை மாற்றும். பக்கத்துச் சுவரின் கம்பிகளும் தகரக் கூரையும் தரையின் ஈரமும் ஆளாளுக்குக் கொஞ்சம் மாற்றும். சூத்திரம் உங்களைத் தெருமுனை வரை கொண்டுவந்து விடும். வீட்டு வாசலைக் கண்டுபிடிக்க அளந்துதான் ஆக வேண்டும்.

நடுத்துண்டுதான் இதில் நுணுக்கமான இடம், கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஒரு சாண் நீளமுள்ள பிவிசி பைப். இரண்டு ஓரத்திலும் இரண்டிரண்டு துளை. கம்பியை ஒரு துளையில் விட்டு மறு துளையில் எடுத்து, தன்மேலேயே நாலு சுற்று முறுக்கிவிடுகிறோம். இப்போது கம்பியின் இழுவை முழுவதும் பைப்பின் மேல் விழுகிறது. முறுக்குக்கு அப்பால் தொங்குகிற வாலில்தான் கேபிளைப் பற்றவைக்க வேண்டும். கோஆக்ஸ் கேபிளின் நடுக்கம்பி ஒரு கைக்கு, மேல்வலை மறு கைக்கு. பற்றவைத்த இடம் எந்தப் பாரமும் தாங்கக் கூடாது. புதிதாகக் கட்டியவர்களின் ஆன்டெனா முதல் காற்றிலேயே அறுந்து விழுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அப்புறம் தண்ணீர். கேபிளின் வாய் திறந்திருந்தால் ஐப்பசி மழை முழுவதும் அதன் மேல்வலை வழியாக உறிஞ்சப்பட்டு உள்ளே இறங்கும். கேபிள் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே செம்பு கறுத்துப் பச்சைப் பூத்திருக்கும். எம்-சீல் பிசைந்து வாயை அடையுங்கள். வீட்டுக்குள் நுழையும் முன் கேபிளை ஒரு வளையம் கீழே தொங்கவிட்டு மேலேற்றுங்கள், வழிந்து வரும் நீர் அந்த வளையத்தின் அடியில் சொட்டிவிடும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று: செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்காதீர்கள். உப்புக்காற்று ஒரே வருடத்தில் இணைப்பைத் தின்றுவிடும்.

நடுத்துண்டுக்குக் கீழே, அந்தக் கேபிளையே ஐந்தாறு மீட்டர் நீளத்துக்கு நாலு அங்குல பைப்பின் மேல் சுற்றிவிட்டால் நல்லது. பதினைந்து சுற்று வரும். கேபிளின் வெளிப்பக்கமாக அலை வழிந்து வீட்டுக்குள் வராமல் அது தடுக்கும். மைக்கைத் தொட்டால் உதட்டில் சுரீர் என்கிறது, நான் பேசும்போதெல்லாம் வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டுகிறது என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்தச் சுற்று இல்லை.

இருபது மீட்டர் கம்பியை எங்கே கட்டுவது? முப்பதுக்கு நாற்பது மனையில் குடியிருக்கிறவரின் கேள்வி இது, நியாயமான கேள்வி. மொட்டை மாடியில் ஒரு ஜிஐ பைப்பை நட்டு, நடுத்துண்டை அதன் உச்சிக்கு ஏற்றி, இரண்டு கைகளையும் மதில் மூலைகளை நோக்கிச் சரிவாக இறக்கினால் தலைகீழ் ‘வி’. ஒரே கம்பம் போதும். உச்சியில் கோணம் 90 பாகைக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்படியும் இடம் போதவில்லை என்றால் கடைசி ஒன்றிரண்டு மீட்டரை மடக்கிப் பக்கவாட்டில் திருப்பிவிடலாம். மின்னோட்டம் அதிகம் ஓடுவது நடுவில், முனையில் அல்ல. எனவே முனையை வளைத்தால் பெரிய நஷ்டமில்லை, நடுவைத் தாழ்த்தினால்தான் நஷ்டம். முனைகளில் மின்னோட்டம் குறைவே தவிர மின்னழுத்தம் அதிகம். 100 வாட்டில் பேசும்போது நூற்றுக்கணக்கான வோல்ட் அங்கே நிற்கும். துணி உலர்த்தப் போகிறவர் கைக்கு எட்டாத உயரத்தில் கட்டுங்கள்.

தென்னை மரம் இருந்தால் கம்பம் மிச்சம் என்று நினைப்பீர்கள். தென்னை ஆடும். இறுக்கிக் கட்டினால் முதல் புயலிலேயே கம்பி போய்விடும். மரத்தில் ஒரு சின்னக் கப்பியைக் கட்டி, அதன் வழியாகக் கயிற்றை விட்டு, கீழே ஒரு செங்கல்லைத் தொங்கவிடுங்கள். மரம் ஆட ஆடச் செங்கல் ஏறி இறங்கும், கம்பி தளர்வாகவும் இருக்காது, அறுந்தும் போகாது. உதிர்கிற மட்டைக்கு மட்டும் இதில் பரிகாரம் கிடையாது.

இனி அளப்பது. முன்பெல்லாம், ஆன்டெனா ஏற்காமல் திருப்பி அனுப்பும் அலையை எண்ணாகக் காட்டும் எஸ்டபிள்யூஆர் மீட்டர் ஒன்றுதான். இப்போது நானோ விஎன்ஏ என்று உள்ளங்கைக்குள் அடங்குகிற கருவி வந்திருக்கிறது. ஆன்டெனா எந்த அதிர்வெண்ணில் இணங்குகிறது என்பதைக் கோடு போட்டுக் காட்டிவிடும். பத்தரை மீட்டர் கையோடு கட்டிய கம்பியில் பள்ளம் 6.85 மெகாஹெர்ட்ஸில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 10.5-ஐ 6.85-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 10.13. ஆக, கைக்கு 37 சென்டிமீட்டர் அதிகம். முழுவதையும் வெட்டாமல் முதலில் 30 சென்டிமீட்டரை மடக்கி, தன்மேலேயே நெருக்கமாகச் சுற்றிப் பாருங்கள். வெட்டுவதும் மடக்கிச் சுற்றுவதும் ஏறக்குறைய ஒன்றுதான், மடக்கினால் வேண்டும்போது நீட்டலாம். இரண்டு பக்கமும் சமமாக மடக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்த எஸ்டபிள்யூஆர் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நம் ஆட்களுக்கு அது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. 1.5 காட்டினால் முகம் வாடிவிடுகிறது, 1.1 ஆக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையைச் செலவழிக்கிறார்கள். 1.5-இல் திரும்பி வருவது 4 சதவீதம். 2-இல் 11 சதவீதம். எதிர்முனையில் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. 3-ஐத் தாண்டினால் கால் பங்கு திரும்பும், அப்போது கவலைப்படலாம். இன்னொரு பக்கம், 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டிப் பாருங்கள். எஸ்டபிள்யூஆர் அப்பழுக்கில்லாமல் 1 காட்டும். ஆனால் ஒரு துளி அலை வெளியே போகாது, எல்லாம் சூடாகிவிடும். “மூன்றடி நீளம், எல்லா பேண்டிலும் எஸ்டபிள்யூஆர் ஒன்று” என்று விளம்பரம் செய்யப்படும் ஆன்டெனாக்கள் பலவற்றின் ரகசியம் இதுதான். இணக்கம் வேறு, ஒலிபரப்பும் திறன் வேறு.

உயரத்துக்கு வருகிறேன். உயரம் பெரிது என்று தொடக்கத்தில் சொன்னேன், இப்போது அதற்கு ஒரு விலக்கும் சொல்ல வேண்டும். 40 மீட்டர் டைபோல் தூர தேசங்களுக்குத் தாழ்வான கோணத்தில் அலையை வீச வேண்டுமானால் அரை அலைநீளமாவது, அதாவது 21 மீட்டராவது, உயரத்தில் இருக்க வேண்டும். ஏழு மாடி. யாரிடம் இருக்கிறது? நம் கம்பி ஏழெட்டு மீட்டரில்தான் நிற்கும். அப்படித் தாழ நிற்கும் கம்பி அலையை நேர் மேலாக வானத்துக்கு அனுப்பும். வீண் என்று நினைக்க வேண்டாம். மேலே போனது அயனி மண்டலத்தில் பட்டு மழை மாதிரி நம்மைச் சுற்றியே இறங்குகிறது. ஐந்நூறு கிலோமீட்டர் சுற்றுவட்டாரம் முழுவதும் இடைவெளியில்லாமல் கேட்கும். சென்னையிலிருந்து மதுரைக்கும் கோவைக்கும் திருநெல்வேலிக்கும் காலை நேரத்தில் பேசிக்கொள்ள இதைவிட நல்ல ஆன்டெனா கிடையாது. மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நின்றாலும் கவலையில்லை, அலை மலையின் தலைக்கு மேலிருந்து வருகிறது.

நம் தெற்குச் சீமைக்கு இதில் ஒரு கொடுப்பினையும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து 1963 நவம்பரில் முதல் ராக்கெட்டை விட்டதற்குக் காரணமே அதுதான். திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்த நிறுவனத்தின் ஆய்வுக்கூடம் இருப்பதற்கும் அதுவே காரணம். அந்தக் கோட்டின் அருகே பகலில் அயனி மண்டலம் வலுவாக இருக்கும். வட ஐரோப்பாவில் இருக்கிற ஹாம் 7 மெகாஹெர்ட்ஸை நேர் மேலே அனுப்பினால் பல நாள் அது மண்டலத்தைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்கே போய்விடும். நமக்குப் பகலில் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அதனால் வெளிநாட்டுப் புத்தகத்தில் “இத்தனை உயரத்துக்குக் கீழே கட்டாதே” என்று எழுதியிருப்பதைப் படித்து மனம் தளர வேண்டாம். அவர் ஊர் வேறு, நம் வானம் வேறு.

இப்போது சின்ன ஆன்டெனாக்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் இரண்டு மீட்டர்தான், எல்லாம் கைக்கு அடக்கம். எஸ்ஓ-239 சாக்கெட் ஒன்று, அதன் நடுமுள்ளில் 49 சென்டிமீட்டர் செம்புக் கம்பி நட்டுவைத்தது, அதன் நான்கு மூலைத் துளைகளிலும் 51 சென்டிமீட்டரில் நாலு கம்பி. நாலையும் 45 பாகை கீழே சாய்த்துவிட்டால் ஏறக்குறைய 50 ஓம், கேபிளோடு அப்படியே பொருந்தும். முடிந்தது ஆன்டெனா. பள்ளிக்கூடப் பிள்ளை ஒரு மாலையில் செய்துவிடலாம். இதற்குப் போடும் கேபிளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 7 மெகாஹெர்ட்ஸில் 20 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள் ஆறில் ஒரு பங்கைத்தான் விழுங்கும். அதே கேபிள் 145 மெகாஹெர்ட்ஸில் பாதிக்கு மேல் விழுங்கிவிடும். இங்கே கேபிளைக் குட்டையாக வைக்க வேண்டும், அல்லது தடித்த கேபிள் வாங்க வேண்டும். கேபிள் டிவிக்காரர் போடும் ஆர்ஜி-6 எழுபத்தைந்து ஓம்தான், இருந்தாலும் இழப்பு குறைவு. அதனால் உண்டாகும் எஸ்டபிள்யூஆர் 1.5. அதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்: ஒன்றும் செய்ய வேண்டாம்.

அடுத்தது யாகி. இந்த அரங்கில் நாற்பத்தைந்து வயது கடந்த எல்லோருக்கும் அதை நன்றாகத் தெரியும், பெயர்தான் தெரியாது. தூர்தர்ஷன் காலத்தில் தெருவுக்கு நாற்பது வீடு என்றால் நாற்பது மாடியிலும் மீன்முள் மாதிரி நின்றதே, அது யாகி. ஒருவர் மேலே ஏறித் திருப்புவார், இன்னொருவர் ஜன்னலில் நின்று “வருது, வருது, போச்சு” என்று கத்துவார். தஞ்சைக் கடற்கரையிலும் தென் மாவட்டங்களிலும் இலங்கை ரூபவாஹினிக்காகத் தனியாக ஒன்று நின்றது. ஆன்டெனா திசை பார்க்கும் என்கிற பாடத்தை எந்தப் பொறியியல் கல்லூரியும் அவ்வளவு பேருக்குக் கற்றுக்கொடுத்ததில்லை. குட்டைக் கம்பிகள் இருக்கிற பக்கம்தான் நிலையத்தைப் பார்க்க வேண்டும். அலையை ஏற்கிற கம்பி ஒன்றே ஒன்று. பின்னால் நிற்கிற நீளக் கம்பியும் முன்னால் நிற்கிற குட்டைக் கம்பிகளும் கேபிளோடு சேராமலே அலையை ஒரு பக்கமாகத் திரட்டித் தருகின்றன. பழைய சாமான் கடையில் இன்றும் அந்த அலுமினியக் குழாய்கள் எடைக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஜப்பானின் செண்டாய் நகரத்தில் தொஹோகு பல்கலைக்கழகத்தில் 1926-இல் ஷின்தாரோ உதாவும் அவருடைய பேராசிரியர் ஹிதெத்சுகு யாகியும் வெளியிட்ட கண்டுபிடிப்பு இந்த ஆன்டெனா. பெரும்பாடு பட்டவர் உதா. யாகி 1928-இல் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை உலகம் சுற்றியதால் பெயர் அவருக்கு நிலைத்தது. ஜப்பான் இராணுவம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. 1942-இல் சிங்கப்பூர் விழுந்தபோது ஆங்கிலேயரின் ராடார் குறிப்பேடு ஒன்று ஜப்பானியர் கையில் கிடைத்தது. அதில் திரும்பத் திரும்ப ‘யாகி’ என்று எழுதியிருந்தது. இது என்ன சங்கேதம் என்று கைதியை விசாரித்தார்களாம். “உங்கள் ஊர்ப் பேராசிரியர் பெயர்தான்” என்று அவர் சொன்னார் என்பார்கள். உள்ளூர் மாடு விலைபோகாது என்பது எல்லா ஊருக்கும் பொது.

நம் மேசையில் இருக்கிற ஸ்டீல் டேப் இதற்குத்தான். மூன்று கம்பி யாகி. பின்கம்பி 105 சென்டிமீட்டர், முன்கம்பி 89. நடுவில் கேபிள் சேர்கிற கம்பி இரண்டு துண்டாக, துண்டுக்கு 45. பின்னுக்கும் நடுவுக்கும் 20 சென்டிமீட்டர், நடுவுக்கும் முன்னுக்கும் 32. பிவிசி டீ-க்களில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, பற்றவைக்கும் இடத்தில் மட்டும் டேப்பின் பெயின்ட்டைச் சுரண்ட வேண்டும். கேபிள் சேரும் இடத்தில் கொண்டை ஊசி போல வளைத்த ஒரு சிறு கம்பியைக் குறுக்கே போட்டால் 50 ஓமுக்கு இணங்கும். பேருந்தில் கொண்டுபோகும்போது டேப் மடங்கும், விட்டால் தானாக நிமிரும். கூட்ட நெரிசலில் யாராவது இடித்தாலும் உடையாது. ஒளிந்திருக்கும் டிரான்ஸ்மிட்டரைத் தேடிப் போகிற விளையாட்டுக்கென்று அமெரிக்க ஹாம் ஒருவர் உருவாக்கியது இது. இன்று உலகம் முழுவதும் செயற்கைக்கோள் கேட்பவர்களின் முதல் ஆன்டெனா.

விண்வெளி நிலையம் 145.8 மெகாஹெர்ட்ஸில் பேசும். எப்போது நம் ஊருக்கு மேல் வரும் என்று சொல்லக் கைப்பேசியில் செயலிகள் உண்டு. அடிவானத்திலிருந்து அடிவானம் வரை அதிகபட்சம் பத்து நிமிடம். அதற்குள் ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு வானத்தோடு திரும்ப வேண்டும். வரும்போது அதிர்வெண் மூன்றரை கிலோஹெர்ட்ஸ் கூடுதலாகவும் போகும்போது அதே அளவு குறைவாகவும் கேட்கும். பள்ளிப் பாடத்தில் டாப்ளர் விளைவு என்று படித்தது இங்கே காதில் விழுகிறது. 1983-இல் விண்வெளியிலிருந்து முதன்முதலாக ஹாம் ரேடியோவில் பேசிய ஓவன் காரியட்டும் விண்கலத்தின் ஜன்னலில் ஒரு எளிய ஆன்டெனாவை வைத்துக்கொண்டுதான் பேசினார். 2005 மே 5-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி6 ஏற்றிச்சென்ற நம் ஹாம்சாட் செயற்கைக்கோள் 2014 வரை வேலை செய்தது. அதைப் பயன்படுத்தியவர்களில் பலர் மாடியில் நின்று கையால் ஆன்டெனா திருப்பியவர்கள்.

“கையில் வாட்ஸப் இருக்கிறது, எதற்கு இந்தப் பாடு?” என்று கேட்பீர்கள். 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் நடத்துவதற்காக பாரதி பிரசாத் என்ற ஹாம் ஒரு குழுவோடு போர்ட் பிளேருக்குப் போயிருந்தார். தீவுகளில் பல வருடமாக ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லாத நிலை. உலகம் முழுவதும் அந்தத் தீவோடு ஒரு தடவையாவது பேசிவிட ஹாம்கள் காத்துக் கிடந்தார்கள். பொழுதுபோக்காகத் தொடங்கியது 26-ஆம் தேதி காலை ஆழிப்பேரலை வந்ததோடு வேறு வேலையாகிவிட்டது. தொலைபேசி செத்துப்போன தீவிலிருந்து, யார் பிழைத்திருக்கிறார்கள், யார் எங்கே இருக்கிறார்கள் என்ற செய்திகளை அந்தக் குழுவினர் பெருநிலத்துக்குக் கடத்திக்கொண்டிருந்தார்கள். கோபுரமும் சர்வரும் இருந்தால்தான் வாட்ஸப். இதற்கு ஒரு கார் பேட்டரியும் கம்பியும் போதும். பேரிடர் வந்தபிறகு கம்பி கட்டக் கற்றுக்கொள்ள முடியாது.

எச்சரிக்கைகளைச் சொல்லாமல் போனால் நான் பேசியது பாவம். இ.பி. லைன் இருக்கிற பக்கம் கம்பத்தையோ கம்பியையோ கொண்டுபோகாதீர்கள். கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் லைனைத் தொடக் கூடாது, அவ்வளவு தள்ளி நடுங்கள். உலகம் முழுவதும் ஆன்டெனா கட்டும்போது நேர்கிற சாவுகளுக்கு மின்கம்பிதான் முதல் காரணமாகச் சொல்லப்படுகிறது. தனியாளாகக் கம்பம் ஏற்ற வேண்டாம், ஒத்தாசைக்கு இரண்டு பேரைக் கூப்பிடுங்கள். சித்திரை வைகாசி கோடையிடிக்கும் ஐப்பசி கார்த்திகை இடிக்கும் முன்னதாகவே கேபிளை ரேடியோவிலிருந்து கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். இடி இடிக்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போகாதீர்கள், ரேடியோ போனால் போகட்டும்.

உரிமம் இல்லாமல் பேசுகிற பட்டனை அழுத்தக் கூடாது, அது குற்றம். மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு தேர்வு நடத்துகிறது. பன்னிரண்டு வயது நிறைந்த யாரும் எழுதலாம். ரேடியோ அடிப்படைகள் ஒரு பகுதி, விதிமுறைகள் ஒரு பகுதி. முதல் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. இங்கே வந்திருக்கும் மாணவர்கள் இந்த மாதமே விண்ணப்பியுங்கள். ஆசிரியர்கள் பள்ளிக்கு ஒரு நானோ விஎன்ஏ வாங்கிக் கொடுங்கள். உரிமம் வந்து சேரும் வரைக்கும் கம்பியை அளந்து, கட்டி, சரிபார்த்துத் தயாராக வைத்திருங்கள். வந்த மறுநாள் காலை 7 மெகாஹெர்ட்ஸில் உங்கள் அழைப்புக் குறியைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.